லவ் திஸ் ஜயன்ட்: கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து வைத்த இருவர்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேவிட் பர்னும் செயின்ட் வின்சென்ட்டும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட 'லவ் திஸ் ஜயன்ட்' ஆல்பத்தைக் கேட்ட ஒருவர் குழம்பிப் போயிருக்கிறார். இருவருமே கிட்டார் வாசிப்பவர்கள். ஆல்பத்திலோ திரும்பிய பக்கமெல்லாம் டிரம்பெட்டும் சாக்ஸபோனும். ஏன் இப்படி? இதில் யார் என்ன செய்தார்கள்? இது உருப்படியான வேலையா, இல்லை இரண்டு பெரிய பெயர்களின் பொழுதுபோக்கா? மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு மட்டும் ஒரு சின்னப் பதில் உண்டு. ஒரு புத்தகக் கடையில் இடம் போதவில்லை, அதனால்தான்.

நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஹவுசிங் வொர்க்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் புத்தகக் கடை இருக்கிறது. எய்ட்ஸ் நோயாளிகளுக்காகவும் வீடற்றவர்களுக்காகவும் 1990-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. கடையில் புத்தகம் வாங்கலாம், காப்பி குடிக்கலாம். அவ்வப்போது நிதி திரட்டக் கச்சேரியும் நடக்கும். 2009 மே மாதம் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கும் டர்ட்டி ப்ரொஜெக்டர்ஸ் என்ற ராக் குழுவும் அங்கே ஒரு கச்சேரி செய்தார்கள். அந்த ஒரு இரவுக்கென்றே எழுதப்பட்ட பாடல்கள், பெரும்பாலும் குரல்களின் பலத்திலேயே நிற்பவை. அடுத்த ஆண்டு 'மவுன்ட் விட்டன்பர்க் ஓர்கா' என்ற பெயரில் வெளிவந்தன. அந்தக் கூட்டத்தில் பர்னும் ஆனி கிளார்க்கும் இருந்தார்கள். ஆனி கிளார்க் என்பதுதான் செயின்ட் வின்சென்ட்டின் இயற்பெயர். இனி அப்படியே குறிப்பிடுகிறேன். சில நாட்களுக்கு முன்புதான் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்த வேறொரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் இருவரும் அறிமுகமாகியிருந்தார்கள். இதே மாதிரி நீங்கள் இருவரும் சேர்ந்து எங்கள் கடையில் ஏதாவது செய்யுங்களேன் என்று ஹவுசிங் வொர்க்ஸ்காரர்கள் கேட்டார்கள்.

புத்தக அலமாரிகளுக்கு நடுவே ஒரு ராக் குழுவை நிறுத்திப் பாருங்கள். கிட்டாருக்கு ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி, பேஸ் கிட்டாருக்கு ஒரு பெட்டி, டிரம்ஸ், இவற்றையெல்லாம் மீறிக் குரல் கேட்பதற்கு இன்னும் பெரிய பெட்டி. கடை முழுக்க இரைச்சலே மிஞ்சும். கிளார்க்குக்குத்தான் மாற்று யோசனை வந்தது: காற்றுக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? டிரம்பெட்டுக்கு மின்சாரம் வேண்டாம். ஊதினால் அறை நிறையும். பாடுபவருக்கு ஒரு மைக் இருந்தால் போதும். பர்ன் உடனே ஒத்துக்கொண்டார்.

அவர் ஒத்துக்கொண்டதில் வியப்பில்லை. 'ஹவ் மியூசிக் வொர்க்ஸ்' என்று அவர் எழுதிய புத்தகம், இந்த ஆல்பம் வெளியான அதே 2012 செப்டம்பரில்தான் வந்தது. அதன் முதல் அத்தியாயம் முழுக்க ஒரே வாதம்: இசைக்கலைஞன் மனதில் பொங்குவதை எழுதிவிட்டுப் பிறகு இடம் தேடுவதில்லை, தனக்குக் கிடைத்த இடத்துக்குப் பொருந்தும்படிதான் எழுதுகிறான். எதிரொலி நீண்டு நிற்கும் கல் தேவாலயத்துக்கு மெதுவாக நகரும் இசை, திறந்தவெளிக்குத் தாளம், அவருடைய டாக்கிங் ஹெட்ஸ் ராக் குழு 1975-இல் முதன்முதலாக மேடையேறிய சிபிஜிபி போன்ற நெரிசலான மதுக்கூடத்துக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படியான இசை. அந்த வாதத்துக்கு 'லவ் திஸ் ஜயன்ட்' ஒரு செய்முறை விளக்கம் மாதிரி அமைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஒரு சிறு கடையின் அளவுக்குத் தைத்த சட்டை அது. தைத்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்து பன்னிரண்டு பாட்டுள்ள ஆல்பமாகிவிட்டது. கடை பின்னால் போய்விட்டது. கடைக்காகத் தேர்ந்தெடுத்த கருவிகள் மட்டும் தங்கிவிட்டன.

பர்னுக்கு இந்தக் கருவிகள் புதியவையும் அல்ல. 1980-களில் நாடக இயக்குநர் ராபர்ட் வில்சனின் பிரம்மாண்டமான மேடை நாடகம் ஒன்றுக்கு இடைக்காட்சி இசை எழுதினார். 'மியூசிக் ஃபார் தி நீ ப்ளேஸ்' என்று 1985-இல் ஆல்பமாகவும் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் டர்ட்டி டஜன் பிராஸ் பேண்டைக் கேட்டு மயங்கி, காற்றுக் கருவிகளை வைத்தே எழுதியது அது. 'லவ் திஸ் ஜயன்ட்' பற்றிப் பேசுபவர்கள் அதிகம் தொடாத விஷயம் இது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பழையதில் பர்ன் எட்ட நின்று வேடிக்கை பார்ப்பதும், புதியதில் நடுவில் வந்து மாட்டிக்கொண்டிருப்பதும் தெரியும்.

இவர்கள் யார் என்று தெரியாதவர்களுக்குச் சில வரிகள். பர்ன் 1952-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். கலைக் கல்லூரியில் படித்தவர். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் குரல். சாதாரண விஷயங்களை, வேறு கிரகத்திலிருந்து நேற்று வந்து இறங்கியவன் பார்ப்பதுபோலப் பார்த்துப் பாடுவது அவர் பாணி. கிளார்க் 1982-இல் ஓக்லஹோமாவின் டல்சாவில் பிறந்தவர், டாலஸில் வளர்ந்தவர். பெர்க்லி இசைக் கல்லூரியில் மூன்று ஆண்டு இருந்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியேறியவர். டக் அண்ட் பாட்டி என்ற ஜாஸ் இணையர் அவருடைய மாமாவும் அத்தையும். இளவயதிலேயே அவர்களுடைய சுற்றுப்பயணங்களில் உதவியாளராகப் போயிருக்கிறார். 'ஆக்டர்' (2009), 'ஸ்ட்ரேஞ்ச் மெர்சி' (2011) என்ற ஆல்பங்களுக்குப் பிறகு, இந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த கிட்டார் கலைஞர்களில் ஒருவர் என்று பேர் வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவர் கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வருகிறார் என்பதுதான் விஷயமே. (கிட்டார் அறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.) இருவருக்கும் வயது வித்தியாசம் முப்பது.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பது, காற்றுக் கருவியைக் கையில் பிடித்திராதவர்களுக்குச் சட்டென்று புரியாது. நான் பள்ளி பேண்டில் மூன்று ஆண்டு டிரம்பெட் ஊதியவன். நன்றாக ஊதினேன் என்று சொல்ல மாட்டேன். சுதந்திர தின அணிவகுப்பில் ஒரு முறை முழுப் பேண்டும் நின்ற பிறகு நான் மட்டும் இரண்டு சுரம் கூடுதலாக ஊதியது இன்னும் என் நண்பர்கள் வாயில் இருக்கிறது. ஆனால் அந்த அனுபவத்தில் சில விஷயங்கள் உடம்பில் ஏறின. இருபது நிமிடம் விடாமல் ஊதினால் உதடு மரத்துப்போகும். குழாய்க்குள் மூச்சுக்காற்றின் ஈரம் தண்ணீராகத் தேங்கும். நடுவில் சின்ன மூடியைத் திறந்து அதை வெளியே தள்ளாவிட்டால் சுரம் களகளவென்று கொதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சு. கிட்டார்காரர் ஒரு வாக்கியத்தை எவ்வளவு நீளத்துக்கும் இழுக்கலாம். ஊதுகிறவனுக்கு மூச்சு முடிந்த இடத்தில் வாக்கியமும் முடிந்தாக வேண்டும்.

இன்னொன்று இன்னும் முக்கியம். கிட்டார்காரர் ஒரே கையசைப்பில் ஆறு தந்திகளை மீட்டுவார். ஆறு சுரங்கள் ஒன்றாக விழும். டிரம்பெட்டில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். நான்கு சுரம் ஒன்றாகக் கேட்க வேண்டுமென்றால் நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரும் அடுத்த அடுக்குக்கு நகரும்போது ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், இசை நான்கு பேர் ஆளுக்கொரு செங்கல்லைத் தூக்கி வைப்பதுபோல் ஒலிக்கும். ஆக, கிட்டாரில் கை பழகிய ஒருவர் போகிற போக்கில் கண்டுபிடிக்கும் ஒரு துண்டு, காற்றுக் கருவிக் குழுவுக்குப் போகும்போது எட்டு தனித்தனி மெட்டுகளாகப் பிரிய வேண்டும்.

சுருதிச் சிக்கல் வேறு. கிட்டாரின் திறந்த தந்திகளுக்கு ஈ, ஏ என்ற சுருதிகள் தோதானவை. ராக் இசையில் பாதி அங்கேதான் குடியிருக்கிறது. டிரம்பெட் பி ஃபிளாட் கருவி, அதாவது தாளில் சி என்று எழுதியதை ஊதினால் வெளியே பி ஃபிளாட் கேட்கும். கிட்டாரின் ஈ மேஜர், டிரம்பெட்காரரின் தாளில் எஃப் ஷார்ப் மேஜராக மாறி, ஆறு ஷார்ப் குறிகளோடு (சுரத்தை அரைப்படி ஏற்றச் சொல்லும் குறிகள்) வந்து நிற்கும். ஆல்டோ சாக்ஸபோன்காரரின் தாளிலோ ஏழு. கிட்டார்காரருக்குக் கையில் எடுத்தவுடன் வருவது, ஊதுகிறவருக்கு முள்வேலி. இருவரும் தங்கள் கைப்பழக்கத்தை விட்டு எழுத வேண்டிய கட்டாயம் இங்கேதான் பிறக்கிறது. கைப்பழக்கம் என்பது கலைஞனின் பலம்தான். முப்பது ஆண்டு அதே வழியில் போனவருக்கு அது மாட்டுவண்டித் தடம். சக்கரம் தானாக அதில் இறங்கிவிடும்.

(சாக்ஸபோன் பித்தளையில் செய்ததுதான், ஆனால் ஒலி பிறப்பது நாணல் சீவலில். அதனால் மேற்கத்திய இசைப் புத்தகங்கள் அதை மரக் கருவிகளோடு சேர்த்துவிடும். இந்த ஆல்பத்தைப் 'பித்தளை ஆல்பம்' என்று எழுதும்போதெல்லாம் அந்தப் பள்ளி பேண்டு மாஸ்டர் என் தலையில் குட்டுவது போலிருக்கிறது. அதனால்தான் காற்றுக் கருவி என்றே எழுதுகிறேன்.)

இனி யார் என்ன செய்தார்கள் என்ற கேள்வி. இருவரும் ஒரே அறையில் மாதக்கணக்காக உட்கார்ந்து எழுதியதல்ல இது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், ஆளுக்கொரு சுற்றுப்பயணத்துக்கு நடுவே, மின்னஞ்சலில் போய் வந்து வளர்ந்தது. பர்னுக்கு இந்த முறை பழக்கமானது. 2008-இல் இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவோடு செய்த 'எவ்ரிதிங் தட் ஹேப்பன்ஸ் வில் ஹேப்பன் டுடே' ஆல்பத்தில், ஈனோ இசைத் தடங்களை அனுப்புவார், பர்ன் மெட்டும் வரியும் எழுதிப் பாடி அனுப்புவார். அங்கே வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது: ஒருவர் வீடு கட்டுகிறார், மற்றவர் குடியேறுகிறார்.

கிளார்க்கோடு அது குழம்பியது, குழம்பியது நல்லதுக்குத்தான். இருவருமே இசை எழுதுபவர்கள், இருவருமே வரி எழுதுபவர்கள், இருவருமே பாடுபவர்கள். ஒருவர் ஒரு சின்னத் துண்டை அனுப்புவார். கணினியில் போட்டதாகவோ கிட்டாரில் வாசித்ததாகவோ இருக்கலாம். மற்றவர் அதன் மேல் ஒரு மெட்டை வைப்பார், அல்லது துண்டையே பிய்த்து வேறு மாதிரி அடுக்குவார். வரிகளும் அப்படியே கைமாறின. ஒருவர் எழுதிய வரியை மற்றவர் பாடுவதும் உண்டு. இந்தத் துண்டுகளை ஊதக்கூடிய இசைக்குறிப்பாக மாற்ற இசைக்கோப்பாளர்கள் இருந்தார்கள். டோனி ஃபின்னோ, கெல்லி பிராட், கென் தாம்சன் முதலியோர். இவர்களுடைய பங்கை ஆல்பத்தைப் பற்றிய எழுத்துகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன என்பது என் குறை. மேலே சொன்ன எட்டு மெட்டுப் பிரச்சினையைத் தீர்த்தவர்கள் அவர்கள்தான். கிளார்க்கின் ஆல்பங்களைத் தயாரித்த ஜான் காங்கிள்டன் தாளத் தடங்களைக் கணினியில் அமைத்தார். பர்னோடு நெடுநாள் வேலை செய்த பாட்ரிக் டில்லெட் தயாரிப்பில் துணை நின்றார்.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் ஆல்பங்களில் பெரும்பாலானவற்றில் தையல் தெரியும். ஓவியர் ஆண்டி வார்ஹாலின் மறைவுக்குப் பிறகு அவரை நினைத்து லூ ரீடும் ஜான் கேலும் 1990-இல் செய்த 'சாங்ஸ் ஃபார் ட்ரெல்லா' மிக நல்ல ஆல்பம். ஆனால் அதில் ரீட் ரீடாகவே இருக்கிறார், கேல் கேலாகவே இருக்கிறார். முறை வைத்துக்கொண்டு மேடைக்கு வருகிறார்கள். பர்னும் ஈனோவும் 1981-இல் செய்த 'மை லைஃப் இன் தி புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்' வேறு வழியில் போனது: இருவருமே பாடாமல், வானொலியிலும் இசைத்தட்டுகளிலும் எடுத்த குரல்களைப் பாட வைத்துவிட்டார்கள். 'லவ் திஸ் ஜயன்ட்' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாடும் குரல் யாருடையது என்பது தெரியும். அடியில் ஓடும் இசை யாருடைய மூளையில் பிறந்தது என்று பந்தயம் கட்டினால் பாதிக்கு மேல் தோற்பீர்கள். கருவிகள் இருவரின் கைக்கும் பழகாதவை என்பதால் இரண்டு பேரின் கைரேகையும் அழிந்துவிடுகிறது.

பாடல்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் பற்றிச் சொல்லப் போவதில்லை.

தொடக்கப் பாட்டு 'ஹூ'. வெட்டி வெட்டி விழும் சாக்ஸபோன் துண்டுகள், நடுநடுவே இடைவெளி. அந்த இடைவெளிகளில் பர்ன் கேள்விகளாக அடுக்குகிறார்: யார் என் காதலராவார், யார் இந்தச் சுமையைத் தூக்குவார், யார் இந்த டாக்சியைப் பகிர்ந்துகொள்வார். காதலும் டாக்சியும் ஒரே தட்டில். பதில் எதுவும் வராது. திடீரென்று கிளார்க்கின் குரல் நீண்ட சுரங்களில் உள்ளே வந்து, நேர்மையான மனிதன் யார் என்று இன்னொரு கேள்வியைப் போடுகிறது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். பர்ன் பாடும்போது கருவிகள் கொத்துகின்றன. கிளார்க் பாடும்போது அதே கருவிகள் நீட்டிப் பிடிக்கின்றன. இரண்டு பேரின் சுபாவத்தையும் ஊதுகிறவர்களின் மூச்சை வைத்தே காட்டிவிட்டார்கள். ஆல்பத்தின் மொத்தத் திட்டமும் இந்த ஒரு பாட்டுக்குள் இருக்கிறது.

'டின்னர் ஃபார் டூ' எனக்கு மிகப் பிடித்தது. ஒரு விருந்து. ஒருவன் தின்பண்டம் எடுக்கப் போகிறான். போகிற வழியில் துப்பாக்கிச் சூட்டிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறான். பாட்டு அதைப் பற்றி அலட்டிக்கொள்வதே இல்லை. வெளியே ஊர் எரிகிறது, உள்ளே யார் யாரோடு உட்காருவது என்ற கவலை. இந்த வகை நகைச்சுவை பர்னின் கைவந்த கலை. ஆனால் பின்னணியில் ஊதும் கூட்டம் விருந்துக்கு வாசிக்கிறதா, போருக்கு வாசிக்கிறதா என்று தெரியாமல் இருப்பதால்தான் அது இங்கே கடிக்கிறது. காற்றுக் கருவிகளுக்கு இரண்டு ஊரிலும் வீடு உண்டல்லவா? ராணுவ அணிவகுப்பும் அவைதான், கல்யாண ஊர்வலமும் அவைதான். கிட்டார் குழுவால் இந்தப் பாட்டைச் செய்திருக்கவே முடியாது.

'ஐஸ் ஏஜ்' கிளார்க்குடையது. தனக்குள் உறைந்து கிடக்கும் ஒருவரைப் பார்த்து, இப்படி ஒரு சொந்தப் பனியுகத்தில் மாட்டிக்கொண்டாயே என்று வருந்தும் பாட்டு. மெட்டு தேன். அடியில் ஓடும் கருவிகளோ தத்தித் தத்திக் குதிக்கின்றன. வருத்தமும் குதியாட்டமும் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போகின்றன. கிளார்க்கின் தனி ஆல்பங்களில் இந்த முரணைக் கிட்டாரின் கரகரப்பு செய்யும். இங்கே அந்த வேலையைப் பத்துப் பதினைந்து விரல்கள் பகிர்ந்துகொள்கின்றன.

'ஐ ஷுட் வாட்ச் டிவி' பாட்டில்தான் ஆல்பத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது. நாட்டு மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தொலைக்காட்சி பார்த்தால் நல்லது என்று நம்பிய ஒருவன் பாடுகிறான். பேசுவது கிண்டலா, ஏக்கமா என்று கடைசிவரை பிடிகொடுக்க மாட்டான். நடுவே வால்ட் விட்மன் நுழைகிறார். விட்மனின் 'சாங் ஆஃப் மைசெல்ஃப்' நெடுங்கவிதையில், வேலை செய்துகொண்டிருக்கும் திடகாத்திரமான ஒரு கறுப்பின வண்டியோட்டியைப் பார்த்து, இந்த ராட்சதனைக் காண்கிறேன், நேசிக்கிறேன் என்று கவிஞர் வியக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த ராட்சதன் இந்தப் பாட்டில் மக்கள் திரளாக மாறுகிறான். விட்மன் தெருவில் நின்று பார்த்ததை இவன் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறான். 'இந்த ராட்சதனை நேசி' என்ற தலைப்பைக் கேட்டதும் இரண்டு கலைஞர்களின் தற்பெருமை என்று நான் முதலில் தவறாக நினைத்தேன். ராட்சதன் ஊர்தான்.

அட்டைப்படத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். புகைப்படம் எடுத்தவர் ரிச்சர்ட் பர்பிரிட்ஜ். பர்னின் தாடையை ஒப்பனைப் பொருளால் பெரிதாக்கிச் சித்திரக்கதை நாயகன் மாதிரி சதுரமாக்கியிருக்கிறார்கள். கிளார்க்கின் முகத்தைக் கோணலாக்கியிருக்கிறார்கள். அழகியும் மிருகமும் கதையைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்த யோசனை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்த பிறகு கண்ணை எடுக்க முடியாது.

'தி ஒன் ஹூ ப்ரோக் யுவர் ஹார்ட்' பாட்டில் புரூக்ளினைச் சேர்ந்த இரண்டு குழுக்கள் வந்து சேர்கின்றன: சோல் இசையின் டாப்-கிங்ஸ், நைஜீரிய இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் ஆப்ரோபீட் என்ற ஆட்ட இசையின் வழியில் வந்த ஆன்டிபாலஸ். ஆண்டுக்கணக்காக ஒரே மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்துப் பழகியவர்கள். இந்தப் பாட்டில் உடம்பு தானாக அசைகிறது. அதுதான் ஆல்பத்தின் பெரிய குறையையும் காட்டிக் கொடுக்கிறது.

அந்தக் குறை என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்றாவது கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. காற்றுக் கருவிகள் மூச்சு விடுகின்றன. தாளம் கணினியில் பிறந்தது, அது மூச்சு விடுவதில்லை. காங்கிள்டன் கெட்டிக்காரர், தாளங்கள் தனியாகக் கேட்டால் கச்சிதம். ஆனால் எட்டுப் பேர் மூச்சிழுத்து ஊதும் இசைக்கு அடியில், ஒரு நூலிழை கூட நெளியாத தாளம் ஓடும்போது சில பாடல்கள் விறைத்துப் போகின்றன. இடுப்பை வளைக்கத் தெரிந்தவனுக்கு இரும்புக் கச்சை கட்டிய மாதிரி. ஆல்பத்தின் நடுப்பகுதியில் இரண்டு மூன்று பாடல்கள் எனக்கு அப்படித்தான். 'ஐ ஆம் அன் ஏப்' பாட்டை வரிகளுக்காக ரசிக்கிறேன், கால் தாளம் போட மறுக்கிறது. வேண்டுமென்றே செய்த விறைப்பு அது, அதுவே ஆர்ட் பாப் (சோதனை முயற்சி கலந்த பாப் இசை) என்று வாதாடுபவர்கள் உண்டு. இருக்கட்டும், எனக்கு ஒப்பவில்லை.

இந்த என் முறையீட்டுக்கு அவர்களே மேடையில் பதில் சொல்லிவிட்டார்கள். 2012 செப்டம்பரில் மினியாபொலிஸ் நகரில் சுற்றுப்பயணம் தொடங்கியது. ('நீ ப்ளேஸ்' 1984-இல் முதலில் அரங்கேறியதும் அதே ஊரில்தான்.) எட்டுப் பேர் காற்றுக் கருவிகள், ஒருவர் கீபோர்டு, ஒருவர் நிஜமான டிரம்ஸ். நடன அமைப்பாளர் ஆனி-பி பார்சன் எல்லோரையும் நடக்க வைத்தார், வரிசைகளாகப் பிரித்தார், எதிரெதிரே நிறுத்தினார். காற்றுக் கருவியின் இன்னொரு வசதி அப்போதுதான் வெளியே வந்தது: அதைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கனத்த அடிக்குரலில் ஒலிக்கும் மிகப் பெரிய குழலான டியூபா கூட நடக்கும். கம்பியால் பெட்டியோடு கட்டிப்போட்ட ராக் குழுவுக்குக் கிடைக்காத சுதந்திரம். பழைய பாடல்களும் புது உடையில் வந்தன. டாக்கிங் ஹெட்ஸின் 'பர்னிங் டவுன் தி ஹவுஸ்' பாட்டையும் கிளார்க்கின் தனிப் பாடல்களையும் இதே கூட்டம் ஊதியது.

அந்தச் சுற்றுப்பயணம் இருவரையும் மாற்றிவிட்டது என்பது என் கணிப்பு. 2014-இல் கிளார்க் வெளியிட்ட 'செயின்ட் வின்சென்ட்' ஆல்பத்தில் 'டிஜிட்டல் விட்னெஸ்' என்ற பாட்டு, தத்தித் தத்திக் குதிக்கும் அதே காற்றுக் கருவித் துண்டுகளின் மேல்தான் நிற்கிறது. இழவு வீட்டில் போடக்கூடிய கொண்டாட்ட ஆல்பம் ஒன்று செய்ய நினைத்ததாக அப்போது சொன்னார். டாப்-கிங்ஸின் டிரம்ஸ் கலைஞர் அதில் வாசித்தார். மேடைக்கு மறுபடி ஆனி-பி பார்சன். மாற்று இசை ஆல்பத்துக்கான கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது. பர்ன் பக்கம் வந்தால், 2018-இல் தொடங்கி 2019-இல் பிராட்வே வரை போன 'அமெரிக்கன் யுடோபியா' நிகழ்ச்சி. வெறும் மேடை, சாம்பல் நிறக் கோட்டுகள், வெறுங்கால்கள், டிரம்ஸ் உட்பட எல்லாக் கருவிகளையும் உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கும் பதினொரு பேர். அங்கேயும் நடன அமைப்பு பார்சன்தான். 2020-இல் ஸ்பைக் லீ அதைப் படமாக்கினார். படத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது, நடக்கும் டியூபா.

ஆக, உருப்படியான வேலையா என்றால், ஆம். குறையுள்ள உருப்படியான வேலை. பன்னிரண்டில் ஏழு பாடல்களுக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறேன். மீதி ஐந்தை மரியாதைக்குக் கேட்கிறேன். இரண்டு பெரிய பெயர்கள் சேர்ந்தால் வழக்கமாக நடப்பது, ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டு மீதியைத் தங்கள் அடுத்த ஆல்பத்துக்கு ஒளித்து வைப்பது. இவர்கள் ஒளிக்கவில்லை. ஒளித்து வைத்ததெல்லாம் கிட்டாரை மட்டும்தான்.

எப்படிக் கேட்பது என்றும் கேட்டிருப்பீர்கள், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் 'ஹூ'. பிறகு 'டின்னர் ஃபார் டூ', 'ஐஸ் ஏஜ்'. அதன் பிறகு ஒரேயடியாகக் கடைசிப் பாட்டு 'அவுட்சைட் ஆஃப் ஸ்பேஸ் அண்ட் டைம்'. பர்ன் மெதுவாகப் பாட, கருவிகள் தேவாலயப் பாட்டு மாதிரி அடியில் விரிந்துகொண்டே போகும். அதுவரை சின்னச் சின்னத் துண்டாக ஊதியவர்கள் அங்கேதான் முழு மூச்சையும் விடுகிறார்கள். இந்த நான்கும் பிடித்தால் வரிசையாக எல்லாவற்றையும் கேளுங்கள். மேடை எப்படி இருந்தது என்று தெரிய, 2013-இல் அவர்கள் இலவசமாகவே கொடுத்த 'பிராஸ் டாக்டிக்ஸ்' என்ற குறுந்தொகுப்பைத் தேடிப் பிடியுங்கள். கிளார்க்கின் 'மேரோ', டாக்கிங் ஹெட்ஸின் 'ரோட் டு நோவேர்' இரண்டும் மேடையில் பதிவானவை. 'ஆக்டர்' ஆல்பத்தில் உள்ள பழைய 'மேரோ'வை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், நான் இவ்வளவு நேரம் எழுதியது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஒன்று மட்டும்: மடிக்கணினியின் ஒலிபெருக்கியிலோ கைப்பேசியிலோ கேட்காதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் கேட்டு, அடி இல்லாத இசை என்று முடிவு கட்டி ஒரு வருடம் இந்த ஆல்பத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். பேஸ் கிட்டாரின் வேலையை இங்கே கனத்த காற்றுக் கருவிகள்தான் சுமக்கின்றன. சின்ன ஒலிபெருக்கிக்கு அந்த ஆழம் எட்டாது. பிறகு ஒரு நாள் நண்பர் வீட்டில் காதை மூடும் பெரிய ஹெட்ஃபோனில் 'ஹூ' ஓடியது. டியூபா அங்கேயேதான் இருந்திருக்கிறது.